அப்பாவோட பழைய லேப்டாப்புக்கு சிம் லிம்ல ராமும் எஸ்எஸ்டியும் போட்ட கதை

மெல்பர்ன்ல இருந்து இந்த தடவ சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கிற வீட்டுக்குப் போனப்ப அப்பாவோட லேப்டாப்பை சரி பண்ணிக் கொடுத்துட்டுத்தான் கிளம்பறதுன்னு இருந்தேன். ஆன் பண்ணா கோப்பி கலக்கி குடிச்சு முடிக்கிறவரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். 4 ஜிபி ராம் (வேலை செய்யறப்ப பயன்படுற மெமரி), 1 டிபி ஹார்ட் டிஸ்க் (ஃபைலெல்லாம் சேமிக்கிற இடம்; எஸ்எஸ்டிங்கிறது அதுக்குப் பதிலா போடற வேகமான டிரைவ்). எனக்கு இதுல அனுபவம் கிடையாது, ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாத்துக்கிட்டேன், விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட நின்னுபோச்சு, இன்டெல் பிராசசர்னா 8வது ஜெனரேஷன்ல இருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், அதுக்குக் கீழன்னா காசு போடறதுல அர்த்தமே இல்ல. அப்பாவோடது 8வது ஜெனரேஷன். சரின்னு கிளம்பிட்டோம்.

எம்ஆர்டி ரயில்ல நியூட்டன்ல மாறி ரோச்சோர்ல இறங்கினா, கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச சிம் லிம் ஸ்கொயர் பக்கத்துலயே. முதல்ல கேட்ட கடையில விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கன்னாங்க, பேங்க் விவரம் குடும்ப போட்டோ எல்லாம் உள்ள இருக்கு, எனக்கு மனசு ஒப்பல. மேல் மாடியில ஒரு சின்ன கடை, நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தர், "அக்கா உக்காருங்க, உங்க முன்னாடியே திறக்குறேன்"னு சொன்னார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கேயே செஞ்சேன்.

பேட்டரி கனெக்டரை கழட்டிட்டுத்தான் மத்ததுல கையே வெச்சார். 4 ஜிபி போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கு, அதை எடுக்க முடியாது, பக்கத்துல ஒரு ஸ்லாட் காலி, அதுல 8 போட்டு மொத்தம் 12 ஆக்கினார். டிடிஆர்4 வகை ராமோட ஸ்லாட்ல அதுக்கு அடுத்த வகையான டிடிஆர்5 போகாதாம், நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல வருது, ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினார்.

"ஆனா அங்கிளோட லேப்டாப்பை இழுக்கிறது ராம் மட்டும் இல்லக்கா, ஹார்ட் டிஸ்க்தான்"னு சொன்னார். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 சொச்சம் எம்பி படிக்கும், எஸ்எஸ்டியில சாட்டா வகை 550 கிட்ட, என்விஎம்இ வகை 3,000-த்தையே தாண்டும். சின்ன எஸ்எஸ்டி சொருகற எம்.2 ஸ்லாட் இருந்தாலும் சில லேப்டாப்ல சாட்டா மட்டும்தான் வேலை செய்யுமாம், மாடல் நம்பரைப் போட்டுப் பாத்துட்டு என்விஎம்இ ஓகேன்னார். வாங்கறதுக்கு முன்னாடி இதை கட்டாயம் கேளுங்க.

பழைய டிஸ்க்ல இருக்கிறதை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (நகல்) பண்றதுக்கு முன்னாடி, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் பிட்லாக்கரோட ரெக்கவரி கீ கேட்டார், அப்பாவோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருந்துச்சு, பாஸ்வேர்டை அப்பா டைரியில எழுதி வெச்சிருந்தது நல்லதாப் போச்சு. குளோன் ஓடற நேரத்துல தேக்கா பக்கம் போய் சாப்பிட்டுட்டு வரலாம்னு அப்பா கூப்பிட்டார், நான் அங்கேயே உக்காந்துட்டேன், அப்பா பார்சல் வாங்கிட்டு வந்தார். பழைய டிஸ்க்கை கடையில விடல, கேசிங் வாங்கிப் போட்டு வெளி டிரைவா வெச்சுக்கிட்டோம்.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, டூரிஸ்ட்டுக்கு கிடைக்கிற 9% ஜிஎஸ்டி ரீஃபண்ட் சிங்கப்பூர் சிட்டிசனுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி) கிடையாது, அதை நம்பி கணக்கு போடாதீங்க. ரசீதுல ராம், எஸ்எஸ்டி ரெண்டோட சீரியல் நம்பரையும் எழுதி வாங்கி அப்பா கிட்டயே கொடுத்துட்டேன், வாரன்டின்னு வந்தா போகப் போறது அவர்தானே.