இரட்டை ஆக்சில் படகு ட்ரெய்லர்: சட்டம் பிரமாதம், டயர் மோசம்

ஆறு மீட்டர் ஃபைபர் படகையும் அதன் ஔட்போர்டு என்ஜினையும் சுமக்க வாங்கிய ட்ரெய்லர் இது. கால்வனைஸ் செய்த இரும்புச் சட்டம், பட்டை ஸ்பிரிங், இரண்டு ஆக்சில், நான்கு சக்கரம், முன் ஆக்சிலில் மட்டும் ஹைட்ராலிக் டிரம் பிரேக். நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்றது என்று சொல்லித்தான் விற்றார்கள். கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். ஏறக்குறைய இதே அமைப்பில் பல பேர் செய்கிறார்கள், நான் சொல்வதில் பாதிக்கு மேல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பக்கத்து ஏரிக்குப் போய்வர எந்த ட்ரெய்லரும் போதும். காலையில் கிளம்பி இருட்டும்வரை நெடுஞ்சாலையில் இழுத்து, மறுநாளும் அதையே செய்தால்தான் எங்கே காசு போட்டிருக்கிறார்கள், எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

காசு போட்ட இடம் சட்டம். பெட்டிக் குழாயாக இல்லாமல் ஒரு பக்கம் திறந்த இரும்பில் செய்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் தங்காது, கண்ணுக்குத் தெரியாமல் துருவும் ஏறாது. படகு உட்காரும் நீளக் கட்டைகளை மேலே கீழே, உள்ளே வெளியே நகர்த்தலாம். அடிப்பாகத்தின் வளைவுக்கு ஏற்றபடி ஒரு முறை பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்தால் போதும், எடை ஒரே இடத்தில் குத்தாமல் பரவலாக இறங்கும். கட்டைகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் கம்பளம் மட்டும் காய நெடுநேரம் ஆகிறது.

வின்ச் தூணையும், அதாவது படகை இழுத்து ஏற்றும் வின்ச் நிற்கும் முன்பக்கத் தூணையும், முன்பின் நகர்த்தலாம், படகும் அதோடு நகரும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரணம் ஹிட்ச்சின் மேல், அதாவது வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இணைப்பின் மேல், இறங்கும் எடை. படகு ட்ரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் அதன் மூக்கில், அதாவது முன்முனையில், இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 10ஐ ஒட்டி வைத்தால் ட்ரெய்லர் நேராக ஓடும்; குறைந்தால் பின்பக்கம் வாலாட்ட ஆரம்பிக்கும். அதிகமானால் இழுக்கும் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். வண்டியின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்று அதன் கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். சதவீதக் கணக்கு எதுவாக இருந்தாலும் அந்த எண்ணைத் தாண்டக்கூடாது.

மொத்த எடை என்று சொல்லும்போது விற்பனைத் தாளில் இருக்கும் எடையை நம்பிவிடாதீர்கள். அது வெறும் படகின் எடை. என்னுடையது தாளில் 1,150 கிலோ. என்ஜின் 180, ட்ரெய்லர் 450. டாங்க் நிறைய 150 லிட்டர் பெட்ரோல் இருந்தால் அதுவே ஏறத்தாழ 110 கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு உடுப்புகள், என் மச்சான் "இதுல என்ன பெரிய எடை" என்று சொல்லிச் சொல்லி ஏற்றிய சாமான்கள் எல்லாம் சேர்ந்து எடைமேடையில் 2,000 கிலோவைத் தொட்டது. நெடுந்தூரம் போவதாக இருந்தால் படகின் டாங்கை நிரப்பாமல் கிளம்புவது நல்லது. போய்ச் சேரும் ஊரில் நிரப்பிக்கொள்ளலாம். கனமான சாமான்களை ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும், கடைசியில் கொண்டுபோய்க் குவிக்கக் கூடாது. வின்ச் தூணைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியதும் மூக்கெடை சரியான இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பெரிய லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போதுகூட ஒரு சின்ன அசைவோடு அடங்கிவிடுகிறது. ஒருவேளை ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். பதறிப்போய் வண்டியின் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும்.

பிரேக் சர்ஜ் வகை. வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலே மூக்கில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தி பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. வண்டிக்குள் தனிக் கருவி எதுவும் வேண்டாம். தண்ணீரில் முக்கி எடுக்கும் ட்ரெய்லருக்கு இதுதான் பொருத்தம். மின்சார பிரேக்கின் காந்தங்கள், அதிலும் உப்புத் தண்ணீரில், சீக்கிரம் கெட்டுப்போகும். சமதரையில் இதன் பிடி மிருதுவாக இருக்கிறது, தள்ளுவதே தெரியவில்லை. நீண்ட மலை இறக்கத்தில் கதை வேறு. ட்ரெய்லர் விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடேறும், பிடி தளரும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து மெதுவாக இறங்குவதைத் தவிர வழியில்லை. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்ட மாடலும் இருக்கிறது. மலைப் பாதை உங்கள் வழக்கம் என்றால் அதை வாங்குங்கள். டிஸ்க்கில் சூடு சீக்கிரம் ஆறும், உப்பைக் கழுவுவதும் சுலபம்.

ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதே பிரேக்கில் ஒரு சிக்கல். பின்னோக்கித் தள்ளினாலும் மாஸ்டர் சிலிண்டர் அழுந்தும், பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு சின்ன வால்வு இருக்கிறது. வண்டியின் ரிவர்ஸ் விளக்கிலிருந்து மின்சாரம் வந்தால்தான் அது வேலை செய்யும். அதற்காகத்தான் ட்ரெய்லரின் பிளக்கில் ஐந்தாவதாக ஒரு முள். கடையில் நான்கு முள் அடாப்டரைக் கொடுத்து "இது போதும் சார்" என்றார்கள். விளக்குகளுக்குப் போதும்தான். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தால் தெரியும் போதுமா என்று. வண்டிப் பக்கம் ஐந்து முள் சாக்கெட் போட்ட பிறகு தொந்தரவு இல்லை. விளக்குகள் எல்லாம் சீல் செய்த எல்இடி, தண்ணீரில் இறக்கி இறக்கி எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

இனி சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பும் அதற்குள் இருக்கும் பேரிங்கும். நெடுந்தூரத்தில் படகு ட்ரெய்லரை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் இதுவும் டயரும்தான். மணிக்கணக்கில் ஓடிய ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு சாய்தளத்தில் இறக்கித் தண்ணீரில் முக்கினால் காற்று சட்டென்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸில் தண்ணீர் கலந்தால் பேரிங் துருப்பிடித்துச் சாகும். அதனால்தான் இந்த ட்ரெய்லரில் ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி போட்டிருக்கிறார்கள்: உள்ளே வெளியை விடச் சற்றுக் கூடுதலான அழுத்தம் எப்போதும் இருக்கும், தண்ணீர் நுழையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் கிரீஸ் கன்னைக் கையில் வாங்கியவுடன் அமுக்கு அமுக்கென்று அமுக்கினால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும். மூடிக்குள் இருக்கும் தட்டு 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு வந்த ட்ரெய்லரில் இடது பின்சக்கரத்துக்கு யாரோ தாராள மனத்தோடு அடித்திருந்தார்கள். முதல் நெடும்பயணத்தில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மச்சான் வழக்கம்போல ஒவ்வொரு ஹப்பாகக் கைவைத்துக்கொண்டே வந்தார். "மாப்ள, இது மட்டும் கொதிக்குதுடா." சக்கரத்தின் உட்பக்கம் முழுக்கக் கிரீஸ் தெறித்திருந்தது. சீல் போயிருந்தது. தங்கிய இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து, கழுவி, புது கிரீஸ் திணித்து, புது சீல் போட்டோம். கையில் ஒரு செட் பேரிங்கும் சீலும் இருந்ததால் முடிந்தது. இன்னும் நல்லது, பேரிங் பொருத்திக் கிரீஸ் நிரப்பிய முழு ஹப் ஒன்றையே ஒரு பைக்குள் போட்டு எடுத்துப்போவது. அரை மணி வேலையில் மாற்றிவிட்டுக் கிளம்பலாம்.

இப்போது மச்சானின் கைக்குப் பதிலாக ஓர் அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருக்கிறோம். கிளம்பி முப்பது நாற்பது கிலோமீட்டரில் ஒரு முறை, அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும். எத்தனை டிகிரி என்பதை விட நான்கில் ஒன்று மட்டும் தனித்துச் சூடாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பிரேக் உள்ள ஆக்சில் மற்றதை விடச் சூடாகத்தான் இருக்கும், அதனால் இடதை வலதோடு ஒப்பிட வேண்டும், முன்னதைப் பின்னதோடு அல்ல.

டயருக்கு வருகிறேன். மிச்சம் பிடித்த இடம் இதுதான்.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நீள எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். புது ட்ரெய்லரில் வந்த டயர்கள் கடைக்கு வரும் முன்பே பழசாகியிருந்தன. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலில் வெடித்துச் சாவதுதான் அதிகம். பள்ளம் பள்ளமாக டிரெட் மிச்சமிருக்கும், ரப்பர் செத்திருக்கும். இன்னொன்று வேகம். ட்ரெய்லருக்கென்றே செய்யும் எஸ்டி (ST) வகை டயர்களில் வேறு குறி இல்லையென்றால் பல டயர்களுக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் உச்சம். வண்டி அதைத் தாண்டிப் போகும், டயர் தாண்டாது. காற்றும் வண்டி டயருக்கு அடிப்பதுபோல அல்ல. குளிர்ந்திருக்கும்போது பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்துக்கு அடிப்பதுதான் வழக்கம். குறைவாக அடித்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும்.

வேகத்தையும் காற்றையும் கவனித்துத்தான் ஓட்டினோம். இருந்தும் மதிய வெயிலில் வலது முன் டயரின் டிரெட் உரிந்து, மட்கார்டைக் கிழித்துக்கொண்டு போனது. இரட்டை ஆக்சிலின் அருமை அப்போது தெரிந்தது: ட்ரெய்லர் சரியவில்லை, மற்ற மூன்று சக்கரமும் தாங்கின, மெதுவாக ஓரம் கட்ட முடிந்தது. ஆனால் ஸ்டெப்னி இந்த ட்ரெய்லரோடு வராது. தனியாக வாங்கி நானே சட்டத்தில் பொருத்திக்கொண்டேன். ஜாக்கியும் வராது. வண்டியின் ஜாக்கி இதற்கு எட்டாது, வண்டியின் ஸ்பேனர் இதன் நட்டுக்குச் சேராது. நாங்கள் சரிவாக வெட்டிய ஒரு கனமான மரக்கட்டை வைத்திருந்தோம். அதே பக்கத்து நல்ல சக்கரத்தை அதன் மேல் ஏற்றி நிறுத்தினால் பஞ்சரான சக்கரம் தரையை விட்டு எழும்பும். மாற்றிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

கடையில் கேட்டால், டயருக்கு உத்தரவாதம் டயர் கம்பெனியுடையது, ட்ரெய்லருடையது அல்ல என்றார்கள். டயர் கம்பெனிக்கு எழுதினால், எவ்வளவு எடை ஏற்றினீர்கள் என்று கேட்டுப் பதில் வந்தது. எடைமேடைச் சீட்டை அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லை. நான்கையும் கழற்றிவிட்டு, அதே அளவில் அடுத்த சுமைத்தரத்தில், 120 கிலோமீட்டர் வேகக்குறி உள்ள டயர் போட்டேன். சுமைத்தரம் கூடினால் அடிக்க வேண்டிய காற்றழுத்தமும் கூடும், அதனால் போடும் முன் ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ரெய்லரோடு கொடுக்கும் வின்ச் பட்டை படகை மேலே இழுக்கத்தான். அதை நம்பிச் சாலையில் போகக்கூடாது. படகின் மூக்கு வளையத்துக்குத் தனிச் சங்கிலி, பின்புறம் இரண்டு ரேட்செட் பட்டைகள் கட்டாயம். கொடுத்திருந்த பட்டைகள் மெலிசு, மாற்றிவிட்டேன். பட்டையை நேராகக் கட்டாமல் ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் காற்றில் படபடக்காது, சத்தமும் போடாது. என்ஜினைத் தூக்கிய நிலையில் கொண்டுபோனால் அதற்கு ஒரு தாங்கு கம்பி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழிக்கும் அந்த 180 கிலோ படகின் பின்பலகையைக் குலுக்கும். ட்ரெய்லர் மூக்கில் இருக்கும் கப்ளரில் குறித்திருக்கும் அளவும், அது உட்காரும் வண்டிப் பக்கத்து உருண்டையான ஹிட்ச் பாலின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அங்குல பால் 0.8 மில்லிமீட்டர் பெரியது, 50க்கான கப்ளர் அதில் சரியாக உட்காராது.

ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்களுக்கு: படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரை வடித்து, அடிப்பாகத்தையும் ட்ரெய்லரையும் கழுவி, காயவைத்து எடுத்துப்போங்கள். புது ஏரிகளில் புகுந்து பரவும் வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, மிச்சத் தண்ணீரில் பயணம் செய்யும். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு ஏரி ஏரியாகப் பரவியதில் இப்படி இழுத்துப்போன படகுகளுக்கும் பங்குண்டு. இந்த ட்ரெய்லரின் திறந்த சட்டத்தைக் கழுவுவது சுலபம். கட்டைகளின் கம்பளத்தைத்தான் தனியாகக் கவனித்துக் காயவைக்க வேண்டும்.

ஒற்றை ஆக்சிலா இரட்டையா என்று கேட்டால், 1,000 கிலோவுக்குள் அடங்கும் சின்னப் படகுக்கு ஒற்றையே போதும். கையால் தள்ளித் திருப்பலாம், இரண்டு டயரும் இரண்டு ஹப்பும்தான் செலவு. இரட்டையைக் கையால் திருப்புவது நடக்காத காரியம், நெருக்கமான இடத்தில் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் தேயும். என் எடைக்கு இதையேதான் மறுபடியும் வாங்குவேன். ஆனால் டயரின் தேதியைப் படித்துவிட்டு, டிஸ்க் பிரேக் மாடலை, ஸ்டெப்னியோடு.