அருளா, கிருபையா: மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா?

ராயபுரத்தில் நாங்கள் கத்தோலிக்கர். என் மாமனார் வீடு லுத்தரன் சபை. நாங்கள் அருள் என்பதை அவர்கள் கிருபை என்பார்கள். மனித சுதந்திரம் பற்றிப் பேச்சு வந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கடவுளின் அருளை ஏற்கவோ மறுக்கவோ மனிதனால் முடியும் என்று 1524-ல் கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் எழுதினார். மறு வருடமே, லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த லூத்தர் மறுத்தார்: அன்றாட விஷயங்களில் தேர்வு உண்டு, மீட்பில் நம் சித்தம் பாவத்துக்கு அடிமை. 1547-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், சித்தம் பலவீனப்பட்டது, அழியவில்லை என்றது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறார். குடியை விடுவதாக மூன்று தடவை மாதா முன் சத்தியம் செய்தார். கூலி கைக்கு வந்ததும் கால் கடைப் பக்கம் திரும்பிவிடும். “நானா போகல தம்பி, கால் போகுது” என்று அழுதார். விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று உரோமையர் 7-ல் பவுல் புலம்புவதும் இதுதானே! அங்கே லூத்தர் சொல்வது சரிதான்.

ஆனாலும் நான் எராஸ்மஸ் பக்கம். திருவெளிப்பாடு 3:20-ல் ஆண்டவர் கதவைத் தட்டுகிறார், உடைத்துக்கொண்டு வரவில்லை. அப்புறம் ஒரு நாள் அண்ணனே வந்து, “என்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போ” என்று கையை நீட்டினார். அதுவும் கிருபைதான் என்கிறார் மாமனார். சரி, கிருபைதான், நீட்டியது அண்ணனின் கை.