டி.சி.எம். சேனல்: பகலில் பாட்டு, இரவில் போர்

பழைய படம் பார்க்க ஒரு சேனலுக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டுமா என்று அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். கட்டலாம். டர்னர் கிளாசிக் மூவீஸ், சுருக்கமாக டி.சி.எம்., அதற்குத் தகுதியான சேனல்தான்.

1986இல் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் ஸ்டுடியோவை வாங்கிய தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர், கடன் தாங்காமல் சீக்கிரமே அதை விற்றுவிட்டார், ஆனால் பழைய படங்களின் உரிமையை மட்டும் விடவில்லை. 1994இல் இந்தச் சேனலைத் தொடங்கியபோது அந்தப் படங்கள்தான் மூலதனம். இன்றும் படத்தின் நடுவே விளம்பரம் கிடையாது, வெட்டுவதும் கிடையாது, அகலத்திரைப் படத்தை டிவிக்காக ஓரம் நறுக்குவதும் கிடையாது.

விடுமுறை நாளில் இசைப்படங்களையும் போர்ப்படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்தச் சேனலின் அருமை முழுதாகத் தெரியும். 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' இரண்டாம் உலகப் போர் நடுவே, 1944இல் வந்தது. கதை 1903, 1904இல் நடக்கிறது, போர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் ஊரைவிட்டுப் போகப் போகிறோமே என்று கலங்கும் தங்கைக்கு ஜூடி கார்லண்ட் 'ஹேவ் யுவர்செல்ஃப் எ மெர்ரி லிட்டில் கிறிஸ்துமஸ்' பாட்டைப் பாடும்போது, பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தியேட்டரில் உட்கார்ந்திருந்த அன்றைய தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1949இன் 'ஆன் தி டவுன்' படத்தில் மூன்று மாலுமிகளுக்கு நியூயார்க்கில் 24 மணி நேர விடுப்பு, அவ்வளவுதான் கதை. ஜீன் கெல்லியும் ஃபிராங்க் சினாட்ராவும் ஆடிப் பாடித் தீர்க்கிறார்கள். அதன் மூல நாடகம் மேடையேறியது 1944 டிசம்பரில், போர் முடியாத நேரத்தில். அது தெரிந்தபின் அந்த அவசரச் சந்தோஷத்தின் நிறமே மாறிவிடுகிறது.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 161 நிமிட அகலத்திரைப் படம், 1957. ஜப்பானியர் சயாமில் போட்ட ரயில் பாதைக்குப் போர்க்கைதிகள் பாலம் கட்டும் கதை. இலங்கையின் கித்துல்கலவில் பாலம் கட்டி வெடிக்க வைத்துப் படமாக்கினார் டேவிட் லீன். அந்த அகலம் முழுசாகக் கிடைத்தால்தான் கடைசிக் காட்சியில் யார் எங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்பதே புரியும். பிரமாதமான படம், ஆனால் எனக்கு ஒரு தீராத மனக்குறை: மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அதில் இடமே இல்லை.

'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', 1946, வில்லியம் வைலர் இயக்கியது. குண்டுச் சத்தமே இல்லாத போர்ப்படம் என்று நான் சொல்வேன், போர் முடிந்து ஊர் திரும்பிய மூன்று பேரின் கதை. இரண்டு கைகளையும் இழந்த மாலுமியாக நடித்த ஹரால்ட் ரஸ்ஸல், நிஜத்திலேயே ராணுவப் பயிற்சியில் வெடி வெடித்துக் கைகளை இழந்தவர். இந்த ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கினார். மதுக்கடையில் அவர் கொக்கிக் கைகளால் பியானோ வாசிக்கும்போது, அதே ஷாட்டில் தூரத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் இன்னொருவன் தன் காதலை முறித்துக்கொண்டிருப்பான். வைலர் கிட்டே போய்க் காட்டவே மாட்டார், நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும். நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் இந்தக் காட்சி செத்துப்போகும்.

இரவுப் படங்களுக்கு முன்னால் வரும் அறிமுகங்களும் எனக்குப் பிடிக்கும். நெடுங்காலம் அவற்றைப் பேசிவந்த ராபர்ட் ஆஸ்போர்ன் 2017இல் இறந்த பிறகும் அந்த மரபு போகவில்லை. இப்போது பேசுகிறவர்களில் ஒருவரான பென் மேங்கிவிச், 'சிட்டிசன் கேன்' படத்தை எழுதிய இருவரில் ஒருவரான ஹெர்மன் மேங்கிவிச்சின் பேரன். நீட்டி முழக்காமல் வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார்.

குறை என்றால் சேனலை வாங்கும் வழிதான். தனியாகக் கிடைக்காது, ஒரு பெரிய தொகுப்போடுதான் வரும், சில கேபிள்காரர்கள் அதை விளையாட்டுச் சேனல்களோடு சேர்த்து விலை உயர்ந்த பேக்கில் தள்ளிவிடுகிறார்கள். சேருவதற்கு முன் எந்த பேக்கில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் வசதியும் வேண்டும், ஏனென்றால் நல்ல படங்களை நடுநிசிக்கு மேல் போடுகிற பழக்கம் இவர்களுக்கு உண்டு.