மூன்றாவது ஆக்ஸில்

நேற்று மூன்றாவது முறையாக என் சைக்கிளின் பின்சக்கர ஆக்ஸிலை, அதாவது சக்கரத்தின் நடுவே போகும் அச்சுக் கம்பியை, மாற்றினேன். கிரீஸ் இன்னும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

மூலையில் கிடந்த 26 இன்ச் மவுன்டன் பைக்கைச் சுமை சைக்கிளாக மாற்றி நான்கு வருடமாகிறது. மளிகை, மாடித் தோட்டத்துக்கு மண், எல்லாம் அதில்தான். தன்னுடைய பழைய வண்டியையும் இப்படி மாற்றலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஃபிரேமைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நல்ல ஸ்டீல், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், கேரியர் மாட்டத் துளைகள்கூட முன்பே இருந்தன. டயரில் மட்டும் ஏமாந்தேன். 26 என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்று இல்லை. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் இந்த ரிம்முக்கு 559 மில்லிமீட்டர் வேண்டும். நான் வாங்கி வந்தது 590. சின்னப் பையன் அப்பா சட்டையைப் போட்ட மாதிரி தொங்கியது. சரி, அது என் தப்பு.

ஆனால் அந்தப் பின் ஹப், சக்கரத்தின் நடுக்குடம்! ஏழு பல்சக்கரம் கொண்ட ஃப்ரீவீலை ஹப்பின் மேல் திருகி மாட்டும் பழைய வகை. வலப்பக்கத்து பேரிங் பல்சக்கரங்களுக்கு உட்புறமாகப் போய் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரைக்கும் ஆக்ஸில் தனியாக நீண்டு நிற்க வேண்டும், நடுவே தாங்க ஒன்றுமில்லை. ஆள் மட்டும் போகும்போது சமாளித்தது. பின்னால் 30 கிலோ வைத்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் வளைந்துவிடுகிறது.

முதல் தடவை அது புரியவில்லை. பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோன் நட்டை இறுக்குவேன், ஆக்ஸிலை விரலால் சுற்றுவேன். ஓரிடத்தில் பிடிக்கும், அரைச் சுற்றில் லொடலொடக்கும். மறுபடி தளர்த்துவேன். ஒரு மாலைப் பொழுதே போனது. கடைசியில் ஆக்ஸிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால், நொண்டியது. உள்ளே துளையுள்ள ஆக்ஸில் என்பதால்தான் என்று நினைத்து, இரண்டாவதாக நட் போட்ட கெட்டி ஆக்ஸில் வைத்தேன். அது கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான்.

பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் வகை ஹப் என்றால் பெரும்பாலும் வலப்பக்கத்து பேரிங் வெளி ஓரத்துக்கே வந்துவிடும், இந்தத் தொல்லை இருக்காது. இது தெரிந்தும் ஏன் சக்கரத்தை மாற்றவில்லை? அதன் கோட்டத்தை நானே எடுத்தேன். முதல் முறையாக, ஸ்போக் ஸ்போக்காகத் திருகி. பிடிவாதம், வேறென்ன.

கிளிக் சத்தமில்லாத பழைய கியர் லிவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கை பழகிய பிறகு, சுமையோடு மேடு ஏறும்போது ஒரு மயிரிழை நகர்த்தினால் செயின் அடங்கிவிடும். நான்கு வருடத்தில் அதைத் தொட்டு ஸ்பேனர் எடுத்ததே இல்லை.

நண்பருக்குப் பதில்: வேண்டாம். சுமைக்கென்றே செய்த சைக்கிளை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தப் பழைய ஃபிரேமைப் போடுவதாக இருந்தால் வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள்.