குரலைக் கேட்கப் பழகிய பத்து வாரங்கள்: ஓர் இணையவழிப் பயிற்சி பற்றிய மதிப்புரை

பெரும்பாலும் திருநங்கையருக்கென நடத்தப்படும் இணையவழிக் குரல் பயிற்சி ஒன்றில் சேர்ந்து பத்து வாரங்கள் கற்றேன். அதில் சேர்வதை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டதற்கு நேரமின்மை காரணம் அல்ல; என் குரலை ஒலிப்பதிவில் கேட்ட மறுநொடியே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஆகவே, என் குரல் எவ்வளவு மாறியது என்பதைவிட, அந்த அருவருப்பைப் பயிற்றுநர் எப்படிக் கையாண்டார் என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

முதல் வகுப்பில் அவர் என்னைப் பேசவே சொல்லவில்லை. 'ஈ', 'ஊ' என்று மாறி மாறிக் கிசுகிசுக்கச் சொன்னார். கிசுகிசுக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை என்பதால் அதில் சுருதியே கிடையாது. ஆயினும் 'ஈ' மெலிந்து பளிச்சென்றும், 'ஊ' கனத்து மங்கியும் கேட்டன. ஆண்குரலா பெண்குரலா என்று காது பிரித்தறிவதில் சுருதியோடு தொண்டையும் நாவும் உதடும் கொள்ளும் வடிவத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்பது அன்றுதான் விளங்கியது. வெட்கப்படுவதற்கு அங்கே குரலே இல்லாததால் முழு மனத்துடன் கவனிக்க முடிந்தது.

அடுத்து, நாள்தோறும் பத்து நிமிடப் பயிற்சி, முப்பது நொடி ஒலிப்பதிவு, அதைக் கேட்டு ஒரே ஒரு வரிக் குறிப்பு. 'அசிங்கமாக இருக்கிறது' என்று நான் எழுதியதைத் திருப்பி அனுப்பி, காதில் விழுந்ததை மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொண்டார். மறுமுறை, 'கடைசிச் சொல்லில் குரல் நெஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது' என்று எழுதினேன். அன்று மாலை முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லை மட்டுமே பழகினோம். பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் உட்காதை எட்டுவதால் நமக்குக் கனமாகக் கேட்கிறது என்றும், பதிவில் அது இல்லாததால் எவருக்கும் தம் குரல் அந்நியமாகவே படும் என்றும் அவர் விளக்கியது பெரிய ஆறுதல். பருவ வயதில் தடித்துவிட்ட குரல் நாண்களை, ஈஸ்ட்ரோஜன் எனும் பெண்மை இயக்குநீர் மெலியச் செய்யாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். என் முயற்சியின்மையே குற்றம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

குறையும் உண்டு. நான்காம் வாரத்தில் தரப்படும் செயலி, சுருதியை மட்டுமே ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு) கணக்கில் காட்டுகிறது. 180 என்ற கோட்டைத் தொடுவதற்காகத் தொண்டையை இறுக்கி, இரண்டு நாள் குரல் கம்மிப்போனேன். வலியோ கரகரப்போ வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் எங்கும் இல்லை. தன்னைத்தானே ஓயாமல் எடைபோடும் ஒருவரிடம் இப்படியோர் எண்ணைத் தனியே கொடுத்தனுப்புவது சரியன்று; பயிற்றுநர் உடனிருக்கும் வகுப்புக்குள்ளேயே அந்தச் செயலியை வைத்திருக்க வேண்டும். திருநம்பியருக்கான பாடங்கள் மிகக் குறைவு.

பத்தாம் வாரப் பதிவு இரண்டு நிமிடம் ஓடுகிறது. கைப்பேசியைக் கவிழ்க்காமல் முழுவதும் கேட்டேன். மூன்று இடங்களில் குரல் பழைய இடத்துக்கே இறங்குகிறது. எந்தெந்தச் சொற்களில் என்று குறித்து வைத்திருக்கிறேன்.