ஸ்பேம்அசாசின்: பல வருடம் ஓடிய பிறகு தெரியும் குறைகளும் மருந்துகளும்

மெயில் சர்வரில் ஸ்பேமை வடிகட்டும் ஸ்பேம்அசாசின் செய்வதெல்லாம் கூட்டல் கணக்குதான். விதிக்கு ஒரு மதிப்பெண், மொத்தம் 5.0-ஐத் தொட்டால் ஸ்பேம். பிடிபட்ட மெயிலின் ஹெடரில், அதாவது தலைப்புத் தகவல் பகுதியில், 'எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்' வரியைப் பாருங்கள்: பழைய மெயில்களைப் படித்துக் கற்கும் பேயஸ் 'அநேகமாக ஸ்பேம்தான்' என்று சொல்லும் பேயஸ்_99-க்கு 3.5, உள்ளே இருக்கும் லிங்க் யூஆர்ஐபிஎல் என்ற ஸ்பேம் லிங்க் கறுப்புப் பட்டியலில் சிக்கியதற்கு 1.7. ஆக 5.2. இரண்டில் ஒன்று தூங்கினாலும் மெயில் நேராக இன்பாக்ஸ்தான்.

முதலில் தூங்குவது பெரும்பாலும் அந்த 1.7. பட்டியலிடம் கேட்பதே டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு விவரம் தேடித்தரும் சேவை) வழியாகத்தான். சர்வருக்கு 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் கொடுத்திருந்தால், ஊரார் கேள்வியெல்லாம் அந்த வழியாகவே போய்க் குவியும். இலவச வரம்பு தாண்டிவிட்டது என்று பட்டியல்காரர்கள் பதில் தர மறுப்பார்கள். எர்ரர் எதுவும் வராது. யூஆர்ஐபிஎல்_பிளாக்டு என்று 0.001 மதிப்பெண்ணோடு ஹெடரில் ஒரு பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே மெஷினில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு, கேள்வியை வேறு டிஎன்எஸ்ஸுக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டர் வைக்காமல், சர்வருக்கு 127.0.0.1-ஐ, அதாவது அந்த மெஷினையே, காட்டினால் தீர்ந்தது.

பேயஸ் கதை வேறு. 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் படிக்கும்வரை அது வாயே திறக்காது. 'எஸ்ஏ-லேர்ன் --டம்ப் மேஜிக்' என்ற கட்டளை கொடுத்தால் இரண்டு எண்ணிக்கையும் தெரியும். ஆயிரக்கணக்கில் கற்றுக்கொடுத்தும் ஹெடரில் பேயஸ் பெயரே வரவில்லையா? ரூட் யூசரில் கற்றுக்கொடுத்து, ஸ்கேன் வேறு யூசரில் ஓடுகிறது, டேட்டாபேஸ் இரண்டு. இந்தத் தவறு சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும்.

பேயஸ் தானாகக் கற்கும் வசதியை முழுசாக நம்ப வேண்டாம். மதிப்பெண் 12.0-க்கு மேல் போனால்தான் ஸ்பேம் என்று எடுத்துக்கொள்ளும், 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது என்று படித்துக்கொள்ளும். சாமர்த்தியமாக எழுதிய ஸ்பேம் அந்தக் கீழ்வாசல் வழியே நுழைந்து கணக்கையே கெடுக்கும். தப்பியதை உடனே கையால் ஸ்பேம் என்று கொடுங்கள், பழைய பாடத்தை அதுவே அழித்துக்கொள்ளும். எரிச்சலில் அந்த 5.0 வரம்பை 3-க்கு இறக்குவது வேண்டாத வேலை. முதலில் போய் மாட்டுவது இன்வாய்ஸ் மெயில்கள்தான்.

விதிகளுக்கும் வயதாகும். 2010 முதல் வரும் ஆண்டுகளை 'வெகுதூர எதிர்காலம்' என்று எழுதிவைத்த ஒரு தேதி விதி, 2010 ஜனவரி 1 அன்று நல்ல மெயில்களுக்கெல்லாம் மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்றிவிட்டது. விதிகளைப் புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட், நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கிரானில் தினமும் ஓடட்டும். புதிது வந்தால், பின்னணியில் ஸ்கேன் செய்யும் ஸ்பேம்டி ரீஸ்டார்ட் ஆகவும் வேண்டும். தமிழ் மெயில் வரும் சர்வரென்றால் 2022 டிசம்பரில் வந்த 4.0-க்கு மாறிவிடுங்கள், தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையின் கையாளல் அதில்தான் தேறியது.

சோதிக்க ஜிடியூப் என்ற மாதிரி வரி இருக்கிறது: 68 பைட் நீளம், மெயிலில் இருந்தால் 1000 மதிப்பெண். ஆனால் அது பிடிபட்டால் ஸ்கேன் ஓடுகிறது என்று மட்டும்தான் பொருள். டிஎன்எஸ்ஸும் பேயஸும் அப்போதும் தூங்கிக்கொண்டிருக்கலாம்.