திருத்தி வந்த ஓவனும் கருகிப்போன கஜுவும்

நேற்றிரவு மச்சாள் ஒரு படம் அனுப்பியிருந்தா. என்னிடம் இருக்கிற அதே மேசை ஓவன், விலை குறைத்துப் போட்டிருக்கிறார்களாம். “கஜு வறுக்க நல்லதோ? வாங்கட்டோ?” என்று கேள்வி. கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னம்தான் 300 கிராம் கஜுவைக் கரியாக்கிவிட்டு, குசினி யன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்திருந்தேன்.

வாங்கியது 2022 தொடக்கத்தில். காஸ் கிடைக்காது என்ற பயத்தில் வாங்கினேன். மார்ச் முடிவில் இலங்கையில் கரண்டே நாளுக்கு 13 மணித்தியாலம் நின்றது. ஓவனைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டு, முற்றத்தில் மூன்று கல் அடுக்கி விறகு மூட்டித் தாச்சியில்தான் வறுத்தேன். அதனால் என் கணக்கு 2023இல் இருந்துதான் தொடங்குகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. தாச்சியில் கஜு வறுத்தால் தாச்சியில் படுகிற பக்கம் கறுத்த புள்ளி விழும், மற்றப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். கை ஓயாமல் கிளற வேண்டும். ஓவனில் சுற்றிவரச் சூடு. தட்டில் ஒரு படையாகப் பரப்பி, நடுவில் ஒருக்கால் கிளறிவிட்டால் எல்லாம் ஒரே நிறத்தில் வரும். திருவிழாக்களில் கச்சான்காரி நிலக்கடலையை மணலில் போட்டு வறுக்கிறாவே, அதுவும் இதே சங்கதிதான்: சூடு மணல் கோதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. கோது உடைத்த கச்சானை 160 பாகையில் 15 நிமிஷத்துக்கு மேல் விட்டால் உள்ளே நடுப்பருப்பு வரைக்கும் வறுபடும். ஒன்றை இரண்டாகப் பிளந்து பார்த்தால் தெரியும். ஆறவிட்டுக் கையால் உரசிச் சுளகில் புடைக்க வேண்டியதுதான். (ஆனி, ஆடியில் கச்சான் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது வாசலில் நின்று புடைத்தால் தோல் முழுக்க அடுத்த வீட்டு முற்றத்தில். எங்களுக்குள் அது ஒரு சின்ன வழக்கு.)

இனி ஓவனில் நேரம் வைக்கிற மணிக்கூட்டுக் குமிழ். பத்து நிமிஷத்துக்குக் குறைவாகத் திருகினால் அது ஓடாது. அல்லது ஓடுவதுபோல் டிக் டிக் என்றுவிட்டு நடுவில் நின்றுவிடும், சூடு மட்டும் நிற்காது. இருபது வரை திருகிப்போட்டு, திரும்ப ஐந்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கடைப்பெடியன் சொன்னான். உள்ளே இருக்கிற சுருள்கம்பி இறுகினால்தானாம் ஓடும். கேக்குக்கும் கோழிக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. பருப்பு வறுக்கிறவளுக்கோ எல்லாமே கடைசிச் சில நிமிஷத்தில்தான். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம்கூட இல்லை. மாரியில் போத்தலில் இருந்த கச்சான் நமுத்துப்போய், நாலு நிமிஷம் சூடு காட்டலாம் என்று வைத்தால் அப்போதும் இந்தத் திருகல் சடங்குதான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே திருகுகிறேன்.

போன கிழமை சூடு ஏறாமல் நின்றுவிட்டது. எங்கள் வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், கடல் கூப்பிடு தூரம். திருத்துகிறவர் கழற்றிக் காட்டினார். சூட்டை அளந்து வெட்டுகிற பகுதியின் முனைகளில் பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை. புதியது போட்டுத் தந்தார். குமிழை மட்டும் தொடவில்லை, “அது பழுதில்லை அக்கா, அதின்ர குணமே அதுதான்” என்றார்.

நேற்றிரவு கஜுவை வழமைபோல 180இல் வைத்து 12 நிமிஷம் விட்டேன், கரி. அப்போதுதான் விளங்கியது, பழைய பகுதி முந்தியே வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதன் 180 உண்மையில் 160தான் போல. அந்தப் பிழைக்குத்தான் என் கை பழகியிருந்தது. இப்போது ஓவன் சரி, நான் பிழை. புறுபுறுக்காமல் என்ன செய்ய?

சமையலில் உதவியதை மறைக்கக் கூடாது. லவ் கேக்குக்கு வறுத்து வெட்டிய கஜு போட்ட வருஷம், றவையும் முட்டையும் அமுக்கிவிடாமல் கஜுவின் மணம் தனியாக நின்றது. கத்தரிக்காய்ப் பால்கறியில் ஒன்றிரண்டாக இடித்த கச்சானை இறக்கும்போது தூவினால் கடிபடும், முந்திப் போட்டால் ஊறிவிடும். புக்கைக்கு மட்டும் இது வேண்டாம், நெய்யில் பொரித்த கஜுதான் அதற்குப் பொருத்தம். ஓவன் 1500 வாற்ஸ், 20 நிமிஷத்துக்கு அரை யூனிற் கூட வராது. தட்டில் அப்படியே ஆறவிடாதீர்கள், சூடான தட்டிலேயே மேலும் கறுக்கும், வேறு தட்டில் கொட்டுங்கள். முழுக்க ஆறாமல் போத்தலை மூடவும் வேண்டாம்.

மச்சாளுக்கு எழுதினேன்: “வேண்டாம். தாச்சி காணும்.”

உடனே பதில் வந்தது: “அப்ப உங்கட பழசைத் தாறீங்களோ?”

இன்னும் பதில் போடவில்லை. நாளைக்கு 160இல் வைத்து ஒரு பிடி கஜு வறுத்துப் பார்க்க வேண்டும்.